ஒரே பக்கம் நாலு முகவரியில் திறந்தால் என்ன செய்வது?

முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்டாலும் போடாவிட்டாலும், கடைசியில் சாய்கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே பக்கம் திறக்கிறது, கூகுள் தண்டிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டனையெல்லாம் கிடையாது. ஆனால் தேடலில் எந்த முகவரியைக் காட்டுவது என்பதைக் கூகுளே முடிவு செய்துகொள்ளும், அது நீங்கள் நினைத்ததாக இருக்காமலும் போகலாம்.

எச்டிடிபிஎஸ்ஸில் ஏதாவது ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாவற்றையும் சர்வரிலேயே 301 ரீடைரக்ட் (நிரந்தரமாக வேறு முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) போட்டு அதற்குத் திருப்புங்கள், அதுவும் நேராக. ஒன்றிலிருந்து இன்னொன்று, அங்கிருந்து மற்றொன்று என்று அலையவிடாதீர்கள்.

அப்புறம் கேள்விக்குறிக்குப் பின்னால் தொங்கும் வால்கள். எந்த விளம்பரத்திலிருந்து வந்தார்கள் என்று காட்டும் யூடிஎம் குறிகள், விலைவாரியாக அடுக்கும் வசதி போன்றவை வேலை செய்தாக வேண்டும் என்பதால் அங்கே ரீடைரக்ட் சரிப்படாது. எது அசல் முகவரி என்று தேடுபொறிக்குச் சொல்லும் கெனானிகல் டேக் 2009-இல் வந்தது இதற்குத்தான். பக்கத்தின் எச்டிஎம்எல்லில் ஹெட் பகுதியில் இந்த டேக்கைப் போட்டு அசல் முகவரியை முழுசாகக் கொடுங்கள். கூகுளுக்கு இது கட்டளை இல்லை, வெறும் பரிந்துரை. டேக்கில் ஒன்றும் மெனுவிலும் சைட்மேப்பிலும் (தளத்தின் முகவரிப் பட்டியல்) வேறொன்றும் இருந்தால் அது குழம்பத்தான் செய்யும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: நகல் முகவரிகளை ரோபாட்ஸ் கோப்பில் (தேடுபொறி எங்கெல்லாம் வரக்கூடாது என்று சொல்லும் கோப்பு) தடுத்துவிடுகிறார்கள். உள்ளேயே வர முடியாத கூகுள் கெனானிகலை எப்படிப் படிக்கும்? நீளமான பட்டியலின் இரண்டாம், மூன்றாம் பக்கங்களுக்கெல்லாம் முதல் பக்கத்தையே கெனானிகலாகக் காட்டுவதும் தப்பு, அவற்றில் இருப்பது வேறு சரக்கு.

முடித்ததும், தளம் வைத்திருப்பவர்களுக்கான கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள், நீங்கள் சொன்னதும் கூகுள் எடுத்ததும் தனித்தனியாகத் தெரியும்.