டெட்ராய்ட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு: ஃபுட்பால் பற்றி

திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் நடக்கும் ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்க ஆட்டம்) பேச்சு பிடிபடவில்லை என்றும், ஒரு கல்லூரிப் பயிற்சியாளருக்கு இந்நாட்டில் இத்தனை மதிப்பு ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். விதிகளை மனப்பாடம் செய்வதற்கு முன், இந்த ஊரில் நெடுங்காலம் பயிற்சியாளராகப் பணியாற்றிய கஸ் டோரேயின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்ட இரண்டுக்கும் அதில் விடை உண்டு.

10 கெஜம் முன்னேற ஓர் அணிக்கு 4 வாய்ப்புகள் தரப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, அதை யாரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்று நொடியில் முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். பந்தை முன்னோக்கி எறிவது 1906 வரை விதிமீறலாக இருந்தது. ஆட்டக்களத்தில் உயிரிழப்புகள் பெருகியதால் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகே அனுமதி கிடைத்தது. இந்தியானாவிலுள்ள நோட்டர் டேம் கல்லூரியின் குவாட்டர்பேக்காக இருந்த டோரே, 1913 கோடையில் ஈரி என்னும் ஏரியின் கரையிலுள்ள சீடர் பாயிண்ட் என்ற விடுமுறைத் தலத்தில் வேலை பார்த்தபடியே, நண்பர் நூட் ராக்னியுடன் மணலில் எறிந்து பிடித்துப் பழகினார். அந்த நவம்பர் 1 அன்று வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 35-13 என்று நோட்டர் டேம் வீழ்த்தியதற்கு அந்த எறிதல்களே காரணம். எறிதலையே இவர்கள்தாம் கண்டுபிடித்தார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தினர் 1906-லேயே எறிந்துவிட்டார்கள்.

படிப்பு முடிந்ததும் டோரே பயிற்சியாளரானார். டபியூக், கொன்சாகா ஆகிய கல்லூரிகளுக்குப் பிறகு 1925 முதல் 1942 வரை டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1928-இல் அவருடைய அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. சென்னையில் லயோலா கல்லூரியை நடத்தும் அதே இயேசு சபையினரின் பல்கலைக்கழகம்தான் அது. லயோலாவின் விளையாட்டுப் பயிற்சியாளர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கேயோ மாணவர்கள் நான்கு ஆண்டுகளில் போய்விடுகிறார்கள், பயிற்சியாளர் பல ஆண்டுகள் நிலைக்கிறார். ஆகையால் பழைய மாணவர்களுக்கு அவரே கல்லூரியின் முகமாகிவிடுகிறார். அந்தப் பல்கலைக்கழகம் 1964-க்குப் பிறகு ஃபுட்பாலையே கைவிட்டதால், இன்று டோரேயின் பெயரை இங்குள்ள இளைஞர்களே அறிவதில்லை.

1943-இல் இவ்வூரின் தொழில்முறை அணியான டெட்ராய்ட் லயன்ஸின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு நியூயார்க் ஜயன்ட்ஸுடன் ஆடிய ஆட்டம் 0-0 என முடிந்தது. தொழில்முறை லீகில் அதற்குப் பின் புள்ளியே இல்லாத ஆட்டம் ஒன்றுகூட இல்லை. எறிதலால் பெயர் பெற்றவருக்கு இப்படியொரு பதிவு வாய்த்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். 1947 வரை அங்கே நீடித்தார்.

குடும்பத்தினர் கூடி விருந்துண்ணும் நவம்பர் மாத விடுமுறையான தேங்க்ஸ்கிவிங் நாளில் லயன்ஸ் அணி தவறாமல் ஆடும். அன்று சக ஊழியர் வீட்டுக்கு அழைத்தால் மறுக்காமல் செல்லுங்கள். அதற்கு முன், பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் வெள்ளிக்கிழமை இரவு நடக்கும் ஆட்டம் ஒன்றைக் குவாட்டர்பேக்கை மட்டும் கவனித்துப் பாருங்கள். கூட்டமும் செலவும் குறைவு, அருகில் அமர்ந்திருக்கும் பெற்றோர் கேட்டதற்கெல்லாம் பொறுமையாக விளக்கம் சொல்வார்கள்.