ஆர்ஜினின் சாப்பிட்டால் வளர்ச்சி ஹார்மோன் கூடுமா?

கே: ஆர்ஜினின் மாத்திரை எடுத்தால் வளர்ச்சி ஹார்மோன் தானாகக் கூடும் என்று ஜிம்மில் சொல்கிறார்கள். நம்பலாமா டாக்டர்?

பதில்: இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் வளர்ச்சி ஹார்மோன் எகிறும். வளர்ச்சி ஹார்மோனைச் சுரப்பது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி; அதை அடக்கி வைக்கும் சோமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனை ஆர்ஜினின் தளர்த்திவிடுகிறது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு நாங்கள் இதையே சோதனையாகச் செய்கிறோம். வெறும் வயிற்றில், எடையில் கிலோவுக்கு அரை கிராம், அதிகபட்சம் 30 கிராம், அரை மணி நேரம் டிரிப்ஸ் ஏறும். அப்புறம் விட்டுவிட்டு ரத்தம் எடுத்து, ஹார்மோன் எவ்வளவு ஏறியது என்று பார்ப்போம். சுரப்பி வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள மட்டுமே இது.

மாத்திரையாக விழுங்கினால் கணிசமான பகுதியைக் குடலும் கல்லீரலுமே செலவழித்துவிடும். ஹார்மோன் கொஞ்சம் ஏறினாலும் சீக்கிரம் இறங்கிவிடும். அளவைக் கூட்டினால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். கடினமான உடற்பயிற்சி இதைவிட நன்றாகவே ஹார்மோனைத் தூண்டும். இரவில் தூங்கிய முதல் சில மணி நேரத்தில் அது தாராளமாகச் சுரக்கும். காசைச் செலவழிக்காமல் நேரத்தோடு படுங்கள்.

கே: மகளுக்குத் தினமும் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட மனசு வரவில்லை. இதை மாத்திரையாகத் தர முடியாதா?

பதில்: உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அந்த ஹார்மோனே 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். வாயால் கொடுத்தால், முட்டையைச் செரிப்பது போலவே வயிறு அதையும் செரித்துவிடும். வாரம் ஒருமுறை போடும் ஊசிகளும் வந்திருக்கின்றன, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். 1985 வரை இதை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்துதான் எடுத்தார்கள், அதனால் சிலருக்குக் கொடிய மூளை நோய் தொற்றியது. இன்று ஆய்வுக்கூடத்தில் தயாராகும் மருந்தில் அந்தப் பயம் இல்லை.

கே: எனக்கு 23 வயது. ஊசி போட்டால் உயரம் கூடுமா?

பதில்: கூடாது. எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடியிருக்கும். தேவையில்லாமல் போட்டுக்கொண்டே போனால் தாடை, கை, கால் பருக்கும், சர்க்கரையும் ஏறும். தயவுசெய்து வேண்டாம்.

கே: ஒன்பது வயது மகன் வகுப்பிலேயே குள்ளம். புரோட்டீன் பவுடர் கொடுக்கலாமா?

பதில்: வளர்ச்சி ஹார்மோன், ரத்தத்திலுள்ள அமினோ அமிலங்களைத் தசைக்குள் இழுத்துப் புரதமாகக் கட்டவைக்கிறது. எரிபொருளுக்குக் கொழுப்பைக் கரைத்துக் கொடுக்கிறது. ஆனால் சாப்பாடே போதாத குழந்தைக்கு ரத்தத்தில் ஹார்மோன் அதிகமாக இருந்தும் வளர்ச்சி நின்றுவிடும். எலும்பை வளர்க்கும் ஐஜிஎஃப்-1 என்ற அடுத்த ஹார்மோனைக் கல்லீரல் சரியாகச் சுரக்காததே காரணம். ஆகவே புரதம் மட்டும் போதாது, மொத்தச் சாப்பாடும் வயிறு நிறைய வேண்டும்.

25 கிலோ பையனுக்கு நாளைக்குச் சுமார் 25 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவு. அரிசியில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு, சாம்பார் சாதம் நல்ல கூட்டு. பவுடர் தேவைப்படாது.

இந்த வயதில் வருடத்துக்கு 5 முதல் 6 செ.மீ. வளர வேண்டும். 4 செ.மீ.க்குக் குறைந்தால் தள்ளிப்போடாமல் குழந்தை ஹார்மோன் மருத்துவரிடம் காட்டுங்கள். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயது தெரிந்துவிடும். பள்ளியில் எடுத்த பழைய உயரக் குறிப்புகள் இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.