ஏஜென்சியை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள்

கேள்வி: ஓர் ஏரியின் நீர்த்தரத்தை அளக்க, பல்கலைக்கழக ஆய்வகம், தொண்டு நிறுவனம், கருவி தயாரிக்கும் நிறுவனம், குடிநீர் வாரியம் என நான்கு அமைப்புகள் சேர்ந்து மிதவைக் கருவிகள் போட்டு வருகிறோம். ஒருங்கிணைப்பு என் பொறுப்பு. தொடக்கத்திலேயே வெளித் தரப்பினர் எல்லாரையும் அழைத்துக் கூட்டம் நடத்தினோம். யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் இப்போது மீனவர்கள் இரண்டு மிதவைகளை அவிழ்த்துக் கரையில் போட்டுவிட்டார்கள். நிதி தரும் அமைப்போ, 'ஸ்டேக்ஹோல்டர் மேலாண்மைத் திட்டம்' (திட்டத்தோடு தொடர்புள்ள வெளித் தரப்பினரை எப்படி அணுகப் போகிறோம் என்ற ஆவணம்) கொடுத்தால்தான் அடுத்த தவணை என்கிறது. ஒரு ஏஜென்சி பட்டியல், கலந்தாய்வு, ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் என எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்கிறது. ஒப்படைத்துவிடலாமா? கூட்டக் குறிப்பான மினிட்ஸையும் அழைப்பாளர் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஒப்படைக்காதீர்கள். காரணம் அப்புறம். முதலில் மினிட்ஸுக்கு வருவோம்.

யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை என்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "மிதவைகள் எந்த இடத்தில் வரும் என ஒரு மீனவப் பெண் கேட்டார். தொழில்நுட்பக் குழு பின்னர் விளக்கும் எனத் தெரிவிக்கப்பட்டது." அடுத்த வரியே, "பங்கேற்றோர் திட்டத்தை வரவேற்றனர்" என்று போகிறது. அந்த 'பின்னர்' வந்ததற்கான குறிப்பு எங்கேயும் இல்லை. அந்த அம்மா கேட்டதுதான் ஐயா ஆட்சேபணை. நங்கூரக் கயிறு வலை இழுக்கும் பாதையில் கிடந்தால் வலை கிழியும். உங்களுக்கு அது வரைபடத்தில் ஒரு புள்ளி, அவர்களுக்கு அன்றைய கூலி. இன்னொன்றையும் கவனியுங்கள். மிதவைகளை அவர்கள் உடைக்கவில்லை, அவிழ்த்துக் கரையில் வைத்திருக்கிறார்கள். பேச்சுக்கு இடம் வைத்துத்தான் அப்படிச் செய்வார்கள். போலீஸில் புகார் கொடுக்கலாம் என்று கூட்டாளிகளில் யாராவது சொன்னால் தடுத்து நிறுத்துங்கள்.

அடுத்து பட்டியல். 64 பெயர்களில் பெரும்பாலும் அதிகாரிகள், சங்கத் தலைவர்கள், துறைத் தலைவர்கள். இவர்களில் பலருக்கு ஒரு கடிதம் போதும். மேலே கழிவுநீர் விடும் ஆலைகள் பட்டியலில் இல்லை, கீழே அதே தண்ணீரில் பாசனம் செய்யும் விவசாயிகளும் இல்லை. படிவம் அப்படித்தான் கேட்டது என்பீர்கள். தெரியும். அதிகாரம் ஒரு பக்கம், ஆர்வம் ஒரு பக்கம் என்று கோடு போட்டு, நான்கு கட்டத்துக்குள் ஊரையே அடைக்கும் படிவம் அது. அதிகாரமும் குறைவு, ஆர்வமும் குறைவு என்கிற கட்டத்துக்கு 'கண்காணித்தால் போதும்' என்று எழுதி வைத்திருப்பார்கள். அதிகம் அடிபடப் போகிறவர்கள் பல நேரம் அதற்குள்தான் இருப்பார்கள். தகவலே போய்ச் சேராதவருக்கு ஆர்வம் எங்கிருந்து வரும்? இதை எத்தனை தடவை சொன்னாலும் அந்தக் கட்டங்களை மாற்ற யாருக்கும் மனம் வருவதில்லை.

நீங்கள் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். இந்தத் திட்டத்தால் யாருக்கு நஷ்டம்? யார் நினைத்தால் இதை நிறுத்த முடியும்? நமக்குத் தெரியாதது எது, யாருக்குத் தெரியும்? அதிகாலையிலும் சாயங்காலத்திலும் ஏரிக்கரையில் போய் நின்று, யார் யார் தண்ணீருக்கு வருகிறார்கள் என்று பாருங்கள். பேசுகிற ஒவ்வொருவரிடமும் "வேறு யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டு, சொன்ன பெயர்களே திரும்ப வரும்வரை போங்கள். இதற்குப் பெரிய முறையியல் பெயர் உண்டு, உங்களுக்கு அது வேண்டாம்.

முதல் கேள்வியைக் கொஞ்சம் ஆழமாகப் பாருங்கள். கயிறு கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினை. தெரியாத ஒன்றும் இருக்கிறது. நாளை உங்கள் கருவி 'இந்த ஏரியில் கன உலோகம் அதிகம்' என்று சொல்லி, அது செய்தியாகிவிட்டால் அந்த மீனை யார் வாங்குவார்கள்? மாசுபடுத்தியவருக்கு நோட்டீஸ் போய்ச் சேருவதற்குள் மீனவருக்கு அடுப்பு அணைந்துவிடும். அவர்கள் இதை யோசிக்காமல் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அளவு யாருக்கு முதலில் போகும், எப்படி வெளியாகும், மீனையும் சேர்த்துப் பரிசோதிப்பீர்களா என்பதையெல்லாம் முடிவெடுக்கும் முன்பே அவர்களோடு பேசியாக வேண்டும்.

முடிவெடுத்துவிட்டு நடத்துகிற கலந்தாய்வு வெறும் அறிவிப்புதான். பிரிட்டனில் 1985இல் பள்ளிகள் தொடர்பான ஒரு வழக்கில் இதற்கு நான்கு நிபந்தனைகளை நீதிமன்றம் ஏற்றது. முடிவு உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களைத் தர வேண்டும். போதிய அவகாசம் கொடுக்க வேண்டும். வந்த கருத்தை முடிவெடுக்கும்போது மனசாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இவற்றை ஏற்றுக்கொண்டது. உங்கள் கூட்டம் முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிட்டது. மிதவை எங்கே வரும் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டீர்கள்.

கூட்டாளிகளையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதே மினிட்ஸில் தொண்டு நிறுவனத்தவர் "அளவுகள் உடனுக்குடன் மக்களுக்குத் தரப்படும்" என்கிறார். வாரியத்துக்காரர் "ஒப்புதலுக்குப் பின் வெளியிடப்படும்" என்கிறார். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவர் எதை நம்புவார்? வெளியே போவதற்கு முன் நால்வரும் உட்கார்ந்து, எதைத் தர முடியும், எதை முடியாது என்று எழுதிக்கொள்ளுங்கள். வெளியில் பேச ஒரே முகம், சொன்னதை எழுத ஒரே நோட்டு. 'அவர்கள் பெயர்தானே கெடும்' என்று எந்தக் கூட்டாளியும் ஒதுங்க இடம் கொடுக்காதீர்கள். 1995இல் வட கடலில் இருந்த 'பிரென்ட் ஸ்பார்' என்ற எண்ணெய் சேமிப்பு மிதவையை அட்லாண்டிக்கின் ஆழத்தில் மூழ்கடிக்கப் போனார்கள். ஷெல், எஸ்ஸோ என்ற இரண்டு எண்ணெய் நிறுவனங்களுக்கும் அது சொந்தம், இயக்கியது ஷெல். பிரிட்டிஷ் அரசின் அனுமதி கையில் இருந்தது. கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பினர் அதில் ஏறி உட்கார்ந்தார்கள். ஜெர்மனியில் மக்கள் ஷெல் பெட்ரோல் நிலையங்களைப் புறக்கணித்தார்கள். ஜூன் மாதத்தில் திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. உள்ளே எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று கிரீன்பீஸ் சொன்ன கணக்கு தப்பு என்று அவர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அனுமதி தர வேண்டியவர்களைக் கேட்டால் போதும் என்று நினைத்ததன் விலை அது. அடியும் பெரும்பாலும் ஒரு பெயர்மேல்தான் விழுந்தது.

இப்போது ஏஜென்சி. இந்தத் தொழிலில் நல்லவர்களும் இருக்கலாம், சண்டை தீராத இடத்தில் கூட்டத்தை நடுநிலையாக நடத்திக் கொடுப்பவர்கள் உண்டு. உங்களுக்கு வந்த விலைப்பட்டியல் அந்த வகை இல்லை. 'ஆட்சேபணை இல்லாக் கடிதம், ஒன்றுக்கு இவ்வளவு' என்று போட்டிருக்கிறார்கள். கடிதத்துக்குக் கூலி என்றால் கடிதம்தான் வரும், சம்மதம் வராது. எனக்கு இப்படி வந்த கடிதக் கட்டுகளைப் பார்த்திருக்கிறேன். வாசகம் ஒன்றே, எழுத்துப்பிழையும் ஒரே இடத்தில், கையெழுத்து மட்டும் வேறு. கையெழுத்துப் போட்டவர் தலைவராக இருக்கும் சங்கத்தில் அவரைத் தவிர யார் உறுப்பினர் என்றால் பதில் இருக்காது. "எல்லாரும் நம்ம ஆளுங்கதான் சார்" என்று ஏஜென்சிக்காரர் எவராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். மனஸ்தாபம் தீர்ந்தால் அவருக்கு வேலை இல்லை. அதனால் அது தீராது. எதிர்த்தரப்பு ஆலைக்கும் அவரே வேலை பார்க்கிறாரா என்றும் விசாரியுங்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று: "நீங்கள் பேசப் போகும்போது நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள். சங்கடப்பட்டால் விஷயம் புரிந்துவிடும்.

நேரே போங்கள் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் கவனமாகப் படியுங்கள், தப்பினால் ஒருவரின் பிழைப்பே போகும். ஆலைத் தொழிலாளர்கள். கழிவு எந்த நேரத்தில் திறந்துவிடப்படுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். நீங்கள் திட்டத்தின் ஜீப்பில் போய் அவர்கள் வீட்டு வாசலில் இறங்கினால், மறுநாள் அவர்களுக்கு வேலை இருக்காது. இங்கே நடுவில் ஆள் வேண்டும். ஆனால் அந்த ஆளை அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், நீங்கள் அல்ல, ஏஜென்சியும் அல்ல. தொழிற்சங்கக்காரர், வக்கீல், அவர்கள் நம்புகிற டாக்டர், யாராகவும் இருக்கலாம். அவருக்கு உங்கள் நிதியிலிருந்து சம்பளம் போகக் கூடாது, பயணச் செலவு மட்டும் கொடுக்கலாம். பேசியவர்களின் பெயரை நோட்டில் எழுதாதீர்கள். வருகைப் பதிவேடு அங்கே வேண்டவே வேண்டாம், புகைப்படமும் வேண்டாம். அறிக்கையில் "தொழிலாளர் தரப்பில் ஒருவர்" என்று போடுவதுகூட ஆபத்து, ஒரே ஷிப்டில் நாலு பேர்தான் என்றால் அது யாரென்று முதலாளி கண்டுபிடித்துவிடுவார். சொன்னது என்ன என்பது மட்டும் போதும், அதையும் வேறு வழியில் உறுதி செய்துகொண்டு. நிதி அமைப்பு கையெழுத்து கேட்டு அடம்பிடிக்கும். கொடுக்காதீர்கள். கையெழுத்தும் குரூப் போட்டோவும் இருந்தால் கலந்தாய்வு நடந்துவிட்டது என்று நம்புகிறவர்களுக்கு இதை விளக்கப் பொறுமை வேண்டும். எனக்கு அது குறைவு, உங்களுக்கு இருக்கட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். மிதவைகளைக் கேட்கப் போகாதீர்கள். வரைபடத்தை எடுத்துக்கொண்டு, மூன்றாம் பக்கத்தில் கேள்வி கேட்ட அம்மாவைப் போய்ப் பாருங்கள். கருவி நிறுவனத்தின் பொறியாளரும் கூட வரட்டும், கேட்ட கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியவர். வலை எந்தப் பாதையில் போகிறது என்று அவர்களையே கோடு போடச் சொல்லுங்கள். எந்த மிதவையை நகர்த்த முடியும், எதை ஏன் முடியாது என்று அங்கேயே சொல்லுங்கள். கிழிந்த வலைக்கு இழப்பீடு உண்டா என்று கேட்பார்கள், நால்வரும் முன்பே பேசி முடிவோடு போங்கள். குறித்த நாளில் திரும்பிப் போய், சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தெரிவியுங்கள்.

நிதி அமைப்புக்கு அந்த நோட்டையே அட்டவணையாக்குங்கள்: யார், என்ன சொன்னார், நாங்கள் என்ன செய்தோம், செய்யவில்லை என்றால் ஏன், அவருக்கு அதை எப்போது தெரிவித்தோம். அவர்கள் கேட்கும் நாற்பது பக்கத் திட்டத்தைவிட இது பயன்படும். கட்டங்கள் வேண்டுமென்று வற்புறுத்தினால் பின்னிணைப்பாகப் போட்டுக் கொடுங்கள்.

ஏஜென்சிக்கு முன்பணம் கொடுத்திருந்தால் எழுத்துமூலம் நிறுத்துங்கள். உங்கள் திட்டத்தின் பெயரைச் சொல்லி அவர்கள் சேகரித்த பெயர்களையும் போன் நம்பர்களையும் திருப்பி வாங்கி, தங்களிடம் உள்ள நகலை அழித்துவிட்டதாக ஒரு கடிதமும் கேளுங்கள்.