எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எடை மறுபடி ஏறிவிட்டது. மீண்டும் வழிக்கு வர முடியுமா?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். ஸ்லீவ் சத்திரசிகிச்சை (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றுவது) செய்து மூன்றரை வருடம் ஆகிறதாம். 31 கிலோ குறைந்தவருக்கு இப்போது 13 கிலோ திரும்ப வந்துவிட்டது. வயிறு மறுபடி விரிந்துவிட்டதா, செலவழித்த காசெல்லாம் வீணா, கொழும்புக்குப் போய் அந்த வைத்தியரின் முகத்தில் எப்படி விழிப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

தங்கை, கடைசிக் கேள்விக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். போங்கள். இந்த மாதமே போங்கள். வைத்தியரின் முகத்தில் விழிக்கக் கூசி ஏறக்குறைய இரண்டு வருடத்தை இழந்தவள் நான்.

எனக்கு ஸ்லீவ் செய்தது 2019 செப்டம்பரில். அப்போது 118 கிலோ. நீரிழிவுக்கு மாத்திரை, இரண்டு முழங்காலிலும் வலி. ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு நகரப் பாடசாலைக்கு வரும் ஆசிரியை நான்; மாடி வகுப்பு கிடைத்த வருடம் அழுதிருக்கிறேன். 2021 ஜனவரியில் 74 கிலோவுக்கு வந்தேன். மாத்திரை நின்றது. கல்லடிப் பாலத்தை ஓரிடத்திலும் நிற்காமல் நடந்து கடந்த மாலையை இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

அந்த வருடக் கடைசியில் இரண்டு கிலோ ஏறியது. பிறகு நான்கு. கிளினிக் கொப்பியை எடுத்து அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். கொழும்பிலிருந்து தாதி இரண்டு முறை அழைத்தார். பரீட்சைக் காலம் என்று சொன்னேன். 2022இல் எரிபொருள் வரிசைகள் வந்தன, வெளிநாட்டு விற்றமின் மாத்திரைகள் கடைகளில் கிடைக்கவில்லை. போகாமல் இருக்க அவை எனக்கு நியாயமான காரணங்களாகின. மாத்திரைகள் மறுபடி கடைக்கு வந்த பிறகும் நான் வாங்கவில்லை. வாங்கினால் கொப்பியையும் திறக்க வேண்டியிருக்கும்.

என்னைப் போக வைத்தது எடை அல்ல. 2023 ஒக்டோபரில் ஒரு மாலை மச்சாளோடு கல்லடிக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். "மச்சாள், உங்கள் செருப்பு எங்கே?" என்றாள். திரும்பிப் பார்த்தால் இடது கால் செருப்பு பத்தடி பின்னால் மணலில் கிடக்கிறது. கழன்றது எனக்குத் தெரியவில்லை. ஈர மணலை மிதித்தபடி நிற்கிறேன், குளிர்ச்சியும் தெரியவில்லை. அன்றிரவு அலமாரியிலிருந்து கொப்பியை எடுத்தேன். அடுத்த வாரம் கொழும்பு போகும் இரவு ரயிலில் ஏறினேன்.

இரத்தப் பரிசோதனையில் பி12 மிகக் குறைவு, இரும்புச்சத்தும் குறைவு. ஸ்லீவில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கை அகற்றிவிடுகிறார்கள். பி12ஐ உணவிலிருந்து பிரித்துக் குடலில் சேர்ப்பதற்கு வேண்டிய சுரப்புகளும் அதனால் குறைந்துவிடுகின்றன. ஆகவே எடை ஏறினாலும் இறங்கினாலும் விற்றமின்கள் ஆயுள் முழுவதற்கும். நான் அதைத்தான் விட்டிருந்தேன்; கால் மரத்ததும் பி12 குறைந்து நரம்பு பாதிக்கப்பட்டதால்தான். ஊசி போட்டார்கள். கால் விரல்களில் உணர்வு வர ஐந்து மாதம் எடுத்தது. இடது பெருவிரலில் இன்னும் முழுமையாக வரவில்லை. நீங்கள் மாத்திரைகளை எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. விட்டிருந்தால், எடையைப் பார்ப்பதற்கு முன்பு அதைப் பாருங்கள்.

வைத்தியர் என்னைத் திட்டுவார் என்று ரயிலில் இரவெல்லாம் பயந்துகொண்டு போனேன். அவர் எடையைப் பார்த்தார், கொப்பியில் எழுதினார், "ஒரு நாளைக்கு எத்தனை தேநீர்?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஓரளவு எடை திரும்புவது இந்தச் சத்திரசிகிச்சையில் பலருக்கும் நடப்பது என்றார். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் உருவாகிறது. அந்தப் பகுதியை வெட்டிவிடுவதால் முதல் வருடம் பலருக்குப் பசி அவ்வளவாகத் தெரியாது. ஒன்றரை, இரண்டு வருடத்துக்குப் பிறகு பசி மெல்லத் திரும்புகிறது. குறைந்த உடலுக்குக் குறைந்த சக்தியே போதும் என்று உடலும் பழகிவிடுகிறது. இது எனக்கு முன்பே சொல்லப்பட்டிருக்கலாம், அப்போது காதில் விழவில்லை. நம்முடைய ஒழுக்கக் கேடு என்று எண்ணிக் கூசிக் கிடந்தது பாதிக்கு மேல் உடலின் வேலை.

இனி வயிறு விரிந்துவிட்டதா என்ற கேள்வி. வருடங்கள் போகப் போக ஸ்லீவ் கொஞ்சம் விரியத்தான் செய்யும். ஆனால் எங்கள் போசாக்கு ஆலோசகர் முதலில் வேறொன்றைப் பார்க்கச் சொன்னார். ஒரு துண்டுப் பாரை மீனும் கொஞ்சம் பயற்றங்காயும், சோறும் ஆணமும் தண்ணீரும் இல்லாமல், மெதுவாக மென்று சாப்பிடச் சொன்னார். எட்டாவது வாயில் நெஞ்சுக்குழியில் அந்தப் பழைய இறுக்கம் வந்தது. நான்கு வருடத்துக்கு முன் வந்த அதே இறுக்கம். மேசையில் கையை வைத்துக்கொண்டு அழுதேன். என் சின்ன வயிறு அங்கேயேதான் இருந்திருக்கிறது. அதற்கு வேலை கொடுக்காத உணவுகளைத்தான் நான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

எவை அவை என்று தெரிந்தது அப்பியாசக் கொப்பியில். வாயில் போகும் ஒவ்வொன்றையும், நேரத்தோடு, மூன்று நாள் எழுதச் சொன்னார். முதல் நாள் 19 வரி வந்தது. அதில் சாப்பாடு என்று சொல்லக்கூடியது மூன்றே வரி. மீதியெல்லாம் இடையில் போனவை. ஆறு பால்மாத் தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. தேநீரில் தோய்த்த மாரி பிஸ்கட். ஆசிரியர் அறையில் யாரோ பிறந்தநாளுக்குக் கொண்டுவந்த ரோல்ஸில் பாதி. கச்சான் ஒரு கை, மாலையில் இன்னொரு கை. மகன் மிச்சம் வைத்த ஐஸ்கிறீம். இவை எதுவும் வயிற்றில் நின்று இறுக்குவதில்லை, வழுக்கிக்கொண்டு போய்விடும். சீனி மட்டும் பன்னிரண்டு கரண்டி. அரைக் கோப்பைச் சோற்றை அளந்து அளந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பக்கத்தை நம்ப முடியவில்லை. நீங்களும் எழுதிப் பாருங்கள். எழுதும்போது ஒன்றையும் குறைக்காதீர்கள்.

பிறகு செய்தவை சாதாரணமானவை. மீன் அல்லது முட்டை முதலில், அடுத்து கீரைச் சுண்டல், கடைசியில் இடமிருந்தால் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் இல்லை. முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். புரதம் நாளுக்கு 60 கிராமாவது வேண்டும் என்றார்கள். கேட்டபோது மலைப்பாக இருந்தது, ஆனால் வாவியும் கடலும் இருபுறமும் இருக்கும் ஊரில் அது கஷ்டமில்லை. காலையில் இரண்டு முட்டை 12 கிராம் வரும். மதியமும் இரவும் 100 கிராம் அளவில் மீனோ கோழியோ எடுத்தால் ஏறக்குறைய இருபது, இருபது. மிச்சத்துக்குப் பருப்பும் சட்டித் தயிரும் இருக்கின்றன. தயிருக்குப் பாணி ஊற்றுவதை விட்டேன். அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. தேநீர் இரண்டு, சீனியில்லாமல். முதல் பத்து நாள் தலைவலித்தது.

அம்மாவோடுதான் பெரிய போராட்டம். "மகள், முகம் வாடிப் போயிருக்கிறது, இன்னும் ஒரு பிட்டுக் குழல் வைக்கிறேன்" என்பார். அவரிடம் கோபித்துப் பயனில்லை. ஒரு நாள் கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். என் கால் உணர்வைத் தாதி ஊசிமுனையால் சோதித்ததையும், நான் "இல்லை, இல்லை" என்று சொன்னதையும் பக்கத்தில் இருந்து பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகு மீன் பொரிப்பதை நிறுத்தி எனக்கென்று தனியாகப் பாலாணம் வைக்கத் தொடங்கினார், பால் தண்ணியாக.

நடை மட்டும் போதாது, தசை குறையாமல் பார்க்க வேண்டும் என்றார்கள். கைப்பிடியைத் தொடாமல் கதிரையிலிருந்து எழுந்து உட்காருவது பத்துத் தடவை, மணல் நிரப்பிய இரண்டு தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்குவது. காலையில் சோறு கொதிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வயிற்றைத் திரும்பச் சுருக்குகிறோம் என்று ஐந்து நாள், பத்து நாள் வெறும் திரவத்தில் இருக்கச் சொல்லும் காணொளிகள் சுற்றுகின்றன. நானும் 2022இல் அப்படி ஆறு நாள் இருந்தேன். குறைந்த மூன்று கிலோ ஒரு வாரத்தில் திரும்பியது. வெட்டித் தைத்த வயிறு அப்படிச் சுருங்காது. அதோடு, நமக்குத் தொடர்ந்து வாந்தி வந்தாலோ சாப்பிடாமல் கிடந்தாலோ தயமின் என்ற பி1 விற்றமின் வேகமாகக் குறைந்து, பார்வை இரட்டையாகி நடை தடுமாறும் அளவுக்குப் போகலாம். அப்படி வாந்தி வந்தால் கொழும்புக்குப் பயணம் வைத்துக்கொண்டு காத்திருக்காமல் பக்கத்து வைத்தியசாலைக்கே போய், எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவள் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

இவையெல்லாம் செய்தும் எடை அசையாவிட்டால் வேறு வழிகள் உண்டு. தைரொயிட் பார்ப்பார்கள். ஸ்டெரொயிட், இன்சுலின், சில மனச்சோர்வு மாத்திரைகள் போன்றவையும் எடையை ஏற்றும் என்பதால் நீங்கள் எடுக்கும் மருந்துகளை எல்லாம் கேட்பார்கள். தேவைப்பட்டால் பேரியம் என்ற, எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்து வயிற்றின் வடிவத்தைப் பார்ப்பார்கள். லிராகுளுடைட், செமாகுளுடைட் போன்ற, பசியைக் குறைக்கும் ஊசிகள் சிலருக்கு உதவுகின்றன. விலை அதிகம், நிறுத்தினால் எடை திரும்பக்கூடும். ஸ்லீவைப் பைபாஸாக (சின்ன வயிற்றைக் குடலோடு நேரே இணைக்கும் முறை) மாற்றும் இரண்டாவது சத்திரசிகிச்சையும் இருக்கிறது. அதை யாருக்கு, எப்போது என்பது வைத்தியரின் தீர்மானம்.

93 கிலோவில் கிளினிக்குக்குத் திரும்பிய நான் இப்போது 81. 74க்கு இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம். மூன்று மாதச் சராசரி இரத்தச் சீனி (HbA1c) 7.4 வீதத்திலிருந்து 6.1 வீதத்துக்கு வந்திருக்கிறது. வைத்தியர் அதைத்தான் கொப்பியில் வட்டமிட்டார்.

நெஞ்செரிவு இருக்கிறதா, இரவில் புளித்து மேலே வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு அது வரும். பைபாஸாக மாற்றுவதைப் பற்றிய பேச்சிலும் அது முக்கியமானது. இருந்தால், அழைத்து நேரம் எடுக்கும்போதே தாதியிடம் சொல்லிவிடுங்கள். இலக்கம் உங்கள் பழைய கொப்பியின் அட்டையில் இருக்கும்.