கிங்கோ நாறுமா? கன்றைப் பொறுத்தது

டொரொன்டோவில் வீட்டு முன்புறம் கிங்கோ (Ginkgo) மரம் வைக்க ஆசை, நண்பர் விதை போட்டு வளர்த்த கன்றைத் தருகிறார், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் "நாறும்" என்று பயமுறுத்துகிறார் என எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது சரிதான், ஆனால் பெண் மரத்துக்கு மட்டும். கிங்கோவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்து விதையைச் சுற்றியுள்ள மஞ்சள் சதையில் பியூட்ரிக் அமிலம் இருக்கிறது. கெட்டுப்போன வெண்ணெயில் மூக்கைத் துளைப்பதும் அதேதான். உதிர்ந்து மிதிபட்டால் செருப்போடு வீட்டுக்குள் வந்துவிடும். வெறும் கையால் பொறுக்கினால் சிலருக்குத் தோல் அரிக்கும்.

விதைக்கன்று ஆணா பெண்ணா என்று தெரிய 20, 30 வருடம்கூட ஆகலாம். அதனால் நண்பரிடம் பக்குவமாக மறுத்துவிடுங்கள். நர்சரியில் ஆண் மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றாகக் கேளுங்கள்: இடம் தாராளமாக இருந்தால் 'ஆட்டம் கோல்ட்' ரகம், குறுகலென்றால் 'பிரின்ஸ்டன் சென்ட்ரி' ரகம்.

நல்ல வெயில், நீர் தேங்காத மண் போதும். உங்கள் ஊர்க் குளிர் அதற்குப் பொருட்டே இல்லை. முதல் சில வருடம் மெதுவாகத்தான் வளரும்; கோடையில் தண்ணீர் ஊற்ற மட்டும் மறந்துவிடாதீர்கள். அப்புறம், இலையுதிர் காலத்தில் அந்த விசிறி இலைகள் மொத்தமும் மஞ்சளாகி, உறைபனி விழுந்ததும் பெரும்பாலும் ஓரிரு நாளில் கொட்டித் தீர்த்துவிடும். வாரக்கணக்கில் வாருகோலும் கையுமாக நிற்க வேண்டாம்.