ஏஜென்ட்டுக்கு எந்த டேபிளைக் காட்டுவது? – கடிதம்

வணக்கம் சார்,

விற்பனைக் கணக்கைக் கேட்டால் பதில் சொல்கிற மாதிரி ஒரு ஏஐ ஏஜென்ட்டை எங்கள் அலுவலகத்தில் செய்துகொண்டிருக்கிறோம். பின்னால் இருப்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். டேபிள், வியூ (பெயர் வைத்துச் சேமித்த க்வெரி; டேபிள் போலவே படிக்கலாம்) எல்லாவற்றின் பெயரையும் எடுத்துக் கொடுக்க, ஏஐ மாடலை வெளி டூல்களோடு இணைக்கும் எம்சிபி வழியாக ஒரு டூல் எழுதினேன். எங்கள் டீம் லீட், "இதுக்கு எதுக்குத் தனி டூல்? க்வெரி ஓட்ட ஒண்ணு குடுத்தா போதாதா, மாடலுக்குத்தான் எஸ்க்யூஎல் தெரியுமே" என்று சிரிக்கிறார். இன்னொரு சிக்கல்: மாத விற்பனைக்கு எங்களிடம் ஒரு மெட்டீரியலைஸ்டு வியூ, அதாவது க்வெரியின் விடையையும் சேர்த்துச் சேமித்து வைக்கும் வியூ உண்டு. அது மட்டும் பட்டியலில் வருவதே இல்லை. உரிமையெல்லாம் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன். எங்கே தவறு?

ம.

அன்புள்ள ம.,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். டேட்டாபேஸில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் இருந்து நீங்கள் பட்டியல் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது க்வெரி மொழியான எஸ்க்யூஎல்லின் தரநிலைக்கு உட்பட்டது. மெட்டீரியலைஸ்டு வியூ அந்தத் தரநிலையில் கிடையாது. போஸ்ட்கிரெஸ் 2013-இல் 9.3 பதிப்பில் தானாகச் சேர்த்துக்கொண்டது. அதனால் அங்கே எவ்வளவு தேடினாலும் வராது. போஸ்ட்கிரெஸின் சொந்தப் பட்டியலான பிஜி_கிளாஸுக்குப் போங்கள். அதில் ரெல்கைண்ட் என்ற நெடுவரிசையில் ஒற்றை எழுத்து இருக்கும்: டேபிளுக்கு ஆர், வியூவுக்கு வி, உங்களுடையதற்கு எம், பார்ட்டிஷன் செய்த டேபிளுக்கு பி. இண்டெக்ஸ்களும் அங்கேதான் கிடக்கும், வடிகட்டிவிடுங்கள்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இன்ஃபர்மேஷன் ஸ்கீமா, உள்ளே வந்திருக்கும் யூசருக்கு ஏதாவது உரிமை உள்ளவற்றை மட்டும்தான் காட்டும். பிஜி_கிளாஸுக்கு அந்தக் கூச்சம் இல்லை; தொடவே முடியாத டேபிளின் பெயரையும் சொல்லிவிடும். ஏஜென்ட் அதை நம்பிப் போகும், பர்மிஷன் இல்லை என்று திரும்பும், க்வெரியை மாற்றி எழுதிக்கொண்டு மறுபடி போகும். ஹேஸ்_டேபிள்_பிரிவிலேஜ் என்ற ஃபங்ஷனைப் போட்டு, செலக்ட் (படிக்கும்) உரிமை இருப்பதை மட்டும் எடுங்கள். அது ஸ்கீமாவின் (டேபிள்களைத் தொகுத்து வைக்கும் பிரிவின்) யூசேஜ் உரிமையைப் பார்க்காது, அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

சரி, டீம் லீட் சொன்னதற்கு வருவோம். அவர் பக்கம் பெரிய ஆள் இருக்கிறார். ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற யோசனையைத் தந்த எட்கர் காட், அதற்கு 1985-இல் வகுத்த விதிகளில் நான்காவது இதுதான்: டேட்டாபேஸில் என்னென்ன இருக்கிறது என்ற விவரமும் சாதாரண டேட்டாவைப் போலவே, அதே மொழியில் கேட்டுப் பெறக்கூடியதாக இருக்க வேண்டும். ஆக, க்வெரி ஓட்ட வழியிருந்தால் பட்டியலையும் எடுத்துவிடலாம். ஆனால் அதில் பெயர்தான் கிடைக்கும்.

வெறும் பெயரால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்துக்கு இதே போன்ற ஏஜென்ட்டைச் செய்து கொடுத்தேன். அங்கே ஆர்டர்ஸ் என்று ஒரு டேபிள், ஆர்டர்ஸ்_வி2 என்று இன்னொன்று. போன மாத விற்பனையைக் கேட்டதும், பெயர் பொருத்தமாக இருக்கிறதே என்று ஏஜென்ட் ஆர்டர்ஸை எடுத்துக் கூட்டியது. எர்ரர் எதுவும் வரவில்லை. தொகை அழகாக, கமா போட்டு வந்தது. கணக்குப் பார்க்கும் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒரு கிளையோட கணக்கு மாதிரியில்ல இருக்கு?" என்றார். அதேதான். எல்லோரும் புது மென்பொருளுக்கு மாறிவிட்டார்கள், ஒரே ஒரு கிளை மட்டும் மாறாமல் பழைய டேபிளிலேயே எழுதிக்கொண்டிருந்தது. அந்த டேபிள் காலியாக இருந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

கமென்ட் ஆன் டேபிள் என்று ஒரு கட்டளை இருக்கிறதே, யாரும் சீந்துவதில்லை. அதில் ஒரு வரி எழுதினேன்: 'ஒரு கிளை மட்டும், மொத்த விற்பனைக்கு இது வேண்டாம்.' ஓபிஜே_டிஸ்கிரிப்ஷன் என்ற ஃபங்ஷன் மூலம் அதைப் பெயருக்குப் பக்கத்திலேயே டூல் கொடுக்கும்படி செய்தேன். அப்புறம் அந்தத் தவறு வரவில்லை. பெயரையே விளக்கமாக வைத்துவிடலாமே என்றால், போஸ்ட்கிரெஸில் பெயருக்கு 63 பைட்தான் இடம். தமிழில் வைத்தால் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியாக மூன்று மூன்று பைட் தின்னும். எல்லாம் சேர்த்து 21 குறிகளுக்கு மேல் தாண்டாது.

உங்கள் மெட்டீரியலைஸ்டு வியூவுக்குக் கமென்ட் கட்டாயம். கடைசியாக ரெஃப்ரெஷ் செய்தபோது இருந்த கணக்குத்தான் அதில் இருக்கும்; எப்போது செய்தோம் என்பதை போஸ்ட்கிரெஸ் குறித்து வைப்பதில்லை. தினமும் இரவு ஓடுகிறது என்றால் அதை அங்கே எழுதுங்கள். இல்லாவிட்டால் 'இன்றைய விற்பனை' என்று கேட்டவருக்கு ஏஜென்ட் நேற்றையதைக் கொடுக்கும்.

உரையாடல் தொடங்கும்போதே மொத்தப் பட்டியலையும் ப்ராம்ப்ட்டில் கொட்டாதீர்கள், ஸ்கீமா வாரியாகக் கேட்க விடுங்கள். என்னைக் கேட்டால் ஏஜென்ட்டுக்கு டேபிளே காட்ட வேண்டாம், வியூ போதும். வியூ வழக்கமாக அதன் உரிமையாளரின் அனுமதியில்தான் ஓடும். அடியில் இருக்கும் டேபிளில் ஏஜென்ட்டுக்கு உரிமை தராமலே, வாடிக்கையாளரின் ஃபோன் நம்பரை விட்டுவிட்டு மற்றதைக் காட்டலாம். 15-ஆம் பதிப்பில் வந்த செக்யூரிட்டி இன்வோக்கரை மட்டும் அந்த வியூவில் போட்டுவிடாதீர்கள், டேபிளுக்கும் உரிமை கேட்கும்.

கமென்ட் எழுதும் வேலையை உங்கள் டீம் லீடிடமே கொடுங்கள். எந்த டேபிள் உயிரோடு இருக்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.