'எதிக்ஸ்' நூலை எங்கே திறப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினேழாம் நூற்றாண்டு டச்சுத் தத்துவஞானி ஸ்பினோசாவின் 'எதிக்ஸ்' நூலை மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் பத்துப் பக்கம் தாண்டவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புதான் என்னிடம் உள்ளது. வரையறை, தேற்றம், நிரூபணம் என்று பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் மாதிரி ஏன் எழுதினார்? 'கடவுள்தான் இயற்கை' என்பது நம் அத்வைதம்தானே? நாத்திகம் பேசியதால்தான் யூதர்கள் அவரை விலக்கினார்களா? வறுமையில் கண்ணாடி தேய்த்துப் பிழைத்தார், அந்தத் தூளே அவரைக் கொன்றது என்று ஒரு காணொலியில் கேட்டேன். அது உண்மையா?

ம.

அன்புள்ள ம.,

கண்ணாடியிலிருந்து தொடங்குகிறேன். ஸ்பினோசாவைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்தது அது ஒன்றுதான். அதுவும் பாதிதான் சரி.

அவர் எளிமையாக வாழ்ந்தார், சோற்றுக்கு வழியில்லாமல் வாழவில்லை. நண்பர் சைமன் டி விரீஸ் வீட்டார் ஆண்டுக்கு 500 கில்டர் (டச்சு நாணயம்) தர முன்வந்தபோது, 300 போதும் என்று குறைத்து வாங்கிக்கொண்டார் என்கிறது கோலேரஸ் எழுதிய பழைய வாழ்க்கைக் குறிப்பு. வில்லை தேய்ப்பதும் அன்று வயிற்றுப்பாட்டுக்கான கைவேலை மட்டுமல்ல. தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் வந்து அரை நூற்றாண்டு சுமார்தான் ஆகியிருந்தது. நல்ல வில்லை வைத்திருந்தவருக்குத்தான் புதிய வானமும் புதிய கிருமியும் தென்பட்டன. சனிக்கோளின் வளையத்தை விளக்கிய ஹைகன்ஸ், 1667இல் தன் சகோதரருக்கு எழுதிய கடிதங்களில் 'வோர்பர்க் யூதரின்' வில்லை மெருகைப் பாராட்டுகிறார். ஸ்பினோசா அப்போது வசித்த ஊர் வோர்பர்க். பெயரைச் சொல்லவில்லை, கவனியுங்கள்.

வேலை இப்படி நடக்கும். வேண்டிய வளைவில் குழித்த உலோகத் தட்டு ஒன்று. கண்ணாடி வில்லையைக் கீல் (தார் போன்ற பிசின்) கொண்டு ஒரு பிடியில் ஒட்டி, மணலும் தண்ணீரும் விட்டுத் தட்டில் சுழற்றித் தேய்ப்பார்கள். முதலில் பருமணல், அடுத்து சன்ன மணல், கடைசியில் மெருகுத் தூள். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். ஒரே ஒரு பருமணல் ஒட்டியிருந்தாலும் மெருகில் கீறல் விழும். மெருகை அதிகம் போட்டாலோ வளைவே கெட்டுவிடும். ஹைகன்ஸ் இதற்கு ஒரு இயந்திரம் செய்தார். கோள வடிவத் தட்டுகளில் எந்த இயந்திரத்தையும்விட வெறும் கையே பத்திரமானது, நல்லது என்பது தன் அனுபவம் என்று 1665இல் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலர் ஓல்டன்பர்க்குக்கு எழுதினார் ஸ்பினோசா. (தத்துவத்தையும் அவர் வில்லை மாதிரித் தேய்த்தார் என்று எழுதுவது ஒரு வழக்கம். அதை விட்டுவிடுவோம்.)

1677 பிப்ரவரி 21இல், 44 வயதில், ஹேக் நகரில் நுரையீரல் நோயால் இறந்தார். க்ஷயம் (காசநோய்) அந்தக் குடும்பத்திலேயே உண்டு என்று அவருக்கு மருத்துவம் பார்த்த நண்பர் ஷூலர், ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸுக்கு எழுதியிருக்கிறார். ஈரத்தில் தேய்த்தாலும் தூசு அறவே இராது என்று சொல்ல முடியாது, அது நோயை முற்றச் செய்திருக்கலாம். 'கண்ணாடித் தூள் கொன்றது' என்பதற்கு அதற்கு மேல் ஆதாரம் இல்லை.

அடுத்து விலக்கு. 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் போர்த்துகீசிய யூத சபை அவரை விலக்கியது. அவருக்கு வயது 23, ஒரு வரிகூட அச்சில் வந்திருக்கவில்லை. யாரும் அவரோடு பேசவோ கடிதம் எழுதவோ கூடாது, ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக் கூடாது, அவர் எழுதியதை வாசிக்கக் கூடாது என்கிறது தீர்ப்பு. 'அருவருப்பான மதவிரோதங்கள்', 'கொடிய செயல்கள்' என்று குற்றம் சாட்டுகிறதே தவிர, அவை எவை என்று ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. எனவே 'நாத்திகத்துக்காக' என்பது நாமாக எழுதிச் சேர்க்கும் காரணம். அவர் கருத்துகள் அப்போதே வெளியே கசிந்திருக்க வாய்ப்பு அதிகம், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் நடந்த ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தந்தை மிகெல் கடன்களை வைத்துவிட்டு 1654இல் இறந்திருந்தார். 25 வயது நிரம்பாதவர் என்ற சட்ட நிலையைப் பிடித்துக்கொண்டு, சபையை விட்டு நகர நிர்வாகத்திடம் போய், அந்தச் சொத்திலிருந்தும் கடனிலிருந்தும் தன்னை விடுவித்துக்கொண்டார் ஸ்பினோசா. வணிகர்கள் நடத்திய சபை அதை ரசித்திருக்காது. விலக்கு இன்றுவரை நீக்கப்படவில்லை. 1953இல் இஸ்ரேலின் முதல் பிரதமர் பென்-குரியன் குரல் கொடுத்தும், 2015இல் ஆம்ஸ்டர்டாமில் அறிஞர்களைக் கூட்டி விவாதித்தும் நடக்கவில்லை.

உயிரோடிருந்தபோது தன் பெயரில் அவர் வெளியிட்டது பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட் பற்றிய விளக்க நூல் (1663) ஒன்றுதான். 1670இல் வந்த 'இறையியல்-அரசியல் ஆய்வு'க்கு ஆசிரியர் பெயர் கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டுவிட்டு அட்டையில் ஹாம்பர்க் என்று போட்டார்கள். வேதத்தை, அதாவது விவிலியத்தை, எப்படி வாசிப்பது என்று அதன் ஏழாம் அத்தியாயம் முறை வகுக்கிறது. முதலில் அந்த மொழியைக் கற்றுக்கொள். ஒவ்வொரு நூலும் சொல்வதைத் தலைப்புவாரியாகத் தொகு, முரண்களையும் குறித்துவை. பிறகு, எழுதியவர் யார், எப்போது, யாருக்கு, யார் கை வழியாக அந்த நூல் வந்தது என்று விசாரி. வேதவரி பகுத்தறிவோடு மோதினால் அதற்கு உருவகப் பொருள் கொள்ள வேண்டும் என்ற இடைக்கால யூதத் தத்துவஞானி மைமோனிடஸை அங்கே நேராக மறுக்கிறார். இன்றைய விவிலிய ஆய்வு நடப்பது ஏறக்குறைய இந்த வழியில்தான். 1671இல் அந்த நூலின் டச்சு மொழிபெயர்ப்பு ஒன்று வரப்போகிறது என்றதும் அவரே தடுத்து நிறுத்தச் சொன்னார். லத்தீனில் இருந்தால் படித்தவர் சண்டை, டச்சில் வந்தால் தெருச் சண்டை. டச்சில் எழுதிய நண்பர் கூர்பாக் 1669இல் சிறையில் இறந்திருந்தார். இவ்வளவு காத்தும் 1674இல் நூல் தடைசெய்யப்பட்டது.

இனி 'எதிக்ஸ்'. ஐந்து பகுதிகள், 259 தேற்றங்கள். நீங்கள் செய்த பிழை, முதல் பக்கத்திலிருந்து தொடங்கியதுதான்.

முதல் பகுதியின் பின்னிணைப்பைத் திறங்கள். சில பக்கங்கள்தான், நிரூபணம் எதுவும் இல்லாத உரைநடை. கூரையிலிருந்து கல் விழுந்து ஒருவன் சாகிறான். ஏன்? காற்று அடித்தது. அப்போது ஏன் அடித்தது? அவன் அப்போது அங்கே ஏன் போனான்? கேட்டுக்கொண்டே போய், கடைசியில் 'கடவுளின் சித்தம்' என்ற அறியாமையின் புகலிடத்தில் ஒதுங்குகிறார்கள் என்கிறார். உங்கள் கணக்குப் புத்தகக் கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. கணிதம் நோக்கங்களைப் பேசுவதில்லை. முக்கோணத்தின் கோணங்கள் சேர்ந்து 180 பாகை ஆவது எந்தப் பயனுக்காகவும் அல்ல. கடவுளையும் மனிதனையும் அப்படிப் பார்க்க வேண்டுமென்றால் அப்படி எழுதித்தான் ஆக வேண்டும். மூன்றாம் பகுதியின் முன்னுரையில், மனிதச் செயல்களைக் கோடுகளையும் தளங்களையும் போல ஆராயப்போவதாகச் சொல்கிறார். திட்டுவதற்கு அதில் இடமில்லை.

அங்கிருந்து மூன்றாம் பகுதியின் கடைசிக்குப் போங்கள். அங்கே உணர்ச்சிகளுக்கு 48 வரையறைகள் உள்ளன. விருப்பு, மகிழ்ச்சி, துயரம் என்ற மூன்றை வைத்தே மற்ற அனைத்தையும் கட்டுகிறார். வெளிக்காரணம் ஒன்றின் நினைவோடு சேர்ந்த மகிழ்ச்சி அன்பு, அப்படிச் சேர்ந்த துயரம் வெறுப்பு. 12 முதல் 15 வரை சேர்த்து வாசியுங்கள். விளைவு உறுதியாகத் தெரியாத ஒன்றைப் பற்றிய நிலையற்ற மகிழ்ச்சி நம்பிக்கை, நிலையற்ற துயரம் அச்சம். ஆகவே ஒன்றில்லாமல் மற்றது இல்லை. ஐயத்தை எடுத்துவிட்டால் நம்பிக்கை நிம்மதியாகிறது, அச்சம் விரக்தியாகிறது. தேர்வு முடிவுக்குக் காத்திருந்த எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை.

உங்கள் மொழிபெயர்ப்பு காலை வாரும் இடமும் இதுதான். இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் எல்வ்ஸ் 1883இல் செய்தது. மகிழ்ச்சி, துயரம் என வர வேண்டிய இடங்களில் அவர் 'ப்ளெஷர்', 'பெயின்' என்று போடுகிறார். படிப்பவர் அதை உடல் சுகம், உடல் வலி என்று எடுத்துக்கொண்டு, ஸ்பினோசா சுகவாதி என்று முடிவு கட்டிவிடுகிறார். அவருக்கு மகிழ்ச்சி என்பது ஒரு நிலையே அல்ல, குறைந்த நிறைவிலிருந்து கூடிய நிறைவுக்குக் கடப்பது. கர்லியின் மொழிபெயர்ப்பு (1985) கிடைத்தால் அதை எடுங்கள்.

மூன்றாவதாக, நான்காம் பகுதியின் முன்னுரை. 'கடவுள், அதாவது இயற்கை' என்ற புகழ்பெற்ற தொடர் இருப்பது இந்த நான்காம் பகுதியில், முதல் பகுதியில் தேடினால் கிடைக்காது. அத்வைதக் கேள்வியையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். இருப்பது ஒன்றே என்பது வரை இரண்டும் சேர்ந்து நடக்கின்றன, பிறகு பிரிகின்றன. சங்கரரின் பிரம்மம் நிர்க்குணம், பண்புகள் அற்றது. ஸ்பினோசாவின் கடவுளுக்கோ எண்ணற்ற பண்புகள், அவற்றில் இடவிரிவும் (இடத்தில் பரந்திருக்கும் தன்மை) ஒன்று. கல்லும் உடலும் கடவுளின் முறைகள், அதாவது கடவுள் வெளிப்படும் வடிவங்கள், முழுக்க உண்மையானவை. ஞானம் வந்தால் விலகும் மாயை இங்கே இல்லை. ஞானம் வந்தாலும் கல் விழும், ஏன் விழுந்தது என்பது புரியும், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு முதல் பகுதிக்கு ஒரு தாளும் பென்சிலுமாக வாருங்கள். ஒவ்வொரு நிரூபணமும் எந்தெந்த எண்களைச் சுட்டுகிறதோ அவற்றுக்குக் கோடு போடுங்கள். எல்லாப் பொருளும் தன் இருப்பில் நிலைக்க முயல்கிறது என்ற மூன்றாம் பகுதியின் 6ஆம் தேற்றம், அதே பகுதியின் 4, 5 மீதும், முதல் பகுதியின் 34 மீதும் 25இன் கிளைத்தேற்றத்தின் மீதும் நிற்கிறது. கடவுளைத் தவிர வேறு சப்ஸ்டன்ஸ் இல்லை என்ற முதல் பகுதியின் 14, ஆறாம் வரையறை, 11ஆம் தேற்றம், 5ஆம் தேற்றம் ஆகியவற்றின் மீது நிற்கிறது. சப்ஸ்டன்ஸ் என்றதும் ஜடப்பொருளை நினைக்காதீர்கள். தன்னிலேயே இருப்பது, தன் வழியாகவே அறியப்படுவது என்று அவர் வரையறுத்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பண்புள்ள இரண்டு சப்ஸ்டன்ஸ் இருக்க முடியாது என்பது அந்த 5. அதை உருவினால் 14 சரியும். அங்கே நின்றுவிட்டால் வாசிப்பில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் ஒரு பண்பு பொதுவாகவும் மற்றொன்று வேறாகவும் இருக்கக் கூடாதா என்று லைப்னிட்ஸ் நிறுத்திக் கேட்டதும் அந்த இடத்தில்தான்.